சத்தமில்லாமல் பதில் சொன்ன எருமை

அத்தியாயம் 5

எருமையைத் தேடிப் போவது வன்னியில் புதிய தொழில் ஒன்றும் அல்ல. கயிறு அறுத்துக்கொண்டு போன எருமையைக் காடு கரம்பையெல்லாம் தேடித் திரியாத குடும்பம் கண்டாவளைப் பக்கம் கிடையாது. ஆனால் மூக்குத்தி போட்ட எருமையை, போனுக்குள்ளே இருந்துகொண்டு ஊர்ப் பெரியவர்களை நாறடிக்கும் எருமையைத் தேடிப் புறப்பட்டவர்கள் விமலேஸ்வரியும் ஜெயந்தனும் மட்டும்தான். அதுவும் பங்குனி மாதத்துப் பின்னேர வெயிலில், இருமிக்கொண்டு ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளில்.

விமலேஸ்வரிக்குக் கிளிநொச்சிப் பட்டணத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அலுவலகம். பெயர்ப்பலகையில் துப்பறியும் நிலையம் என்று கம்பீரமாகத்தான் எழுதியிருக்கும். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கலியாண விசாரணை: மாப்பிள்ளை குடிப்பாரா, கனடாவில் சொன்ன வேலைதான் செய்கிறாரா, பெண்ணுக்கு முன்பு வேறெங்கும் பேச்சுக்கால் நடந்ததா. மிச்சமெல்லாம் களவுபோன நீரிறைக்கும் இயந்திரங்கள். ஜெயந்தன் அதற்கு முன் போன் திருத்தும் கடையில் இருந்தவன். அங்கே வாயால் வேலை போயிற்று, இங்கே அதே வாயால் வேலை கிடைத்தது என்று எல்லோரிடமும் பெருமையடிப்பான். உண்மையில் அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, விமலேஸ்வரியிடம் இல்லை. காரணம் அவ்வளவுதான்.

அன்று காலை அலுவலகப் படியேறி வந்தவர் தங்கராசா. கண்டாவளைப் பக்கத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு ஒன்றின் தலைவர். வயலின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்குக் கூப்பிட்டே பழகியவர் என்பதால் அறைக்குள்ளும் அப்படித்தான் பேசினார். கீழே மருந்து வாங்க வந்தவர்களுக்கும் வழக்கு முழுதாக விளங்கியிருக்கும்.

வழக்கு இதுதான். சில கிழமைகளாக, பின்னேரம் இருட்டுப்படும் நேரத்தில், முகநூலில் 'எருமையக்கா' என்று ஒன்று நேரலையில் வருகிறது. படத்தில் வரைந்த எருமை. மனிதரைப் போலவே தலையாட்டும், கண் சிமிட்டும், வாயசைக்கும், தடித்த குரலில் கதைக்கும். கதைப்பதெல்லாம் தண்ணீர்க் கதை. குளத்து மதகான துருசு எந்த இரவில் யாருக்காகத் திறந்தது, எந்த வாய்க்காலின் கடைசி வயல்கள் காய்ந்து போயின என்று புட்டுப் புட்டு வைக்கும். "வாய்க்காலுக்கையே படுத்துக் கிடக்கிற எனக்குத் தெரியாதோ, எந்த வாய்க்காலில எவ்வளவு தண்ணி ஓடுதெண்டு" என்று அது கேட்டதை லண்டனில் இருப்பவர்கள்கூடப் பகிர்ந்துவிட்டார்களாம்.

மறுநாள் காலை சிறுபோகக் கூட்டம். தண்ணீர் குறைவான போகம் என்பதால் யாருடைய வயலுக்குப் பங்கு, யாருடைய வயலுக்கு இல்லை என்பது அங்கேதான் முடிவாகும். அதற்கு முன் எருமையின் பெயர் வேண்டும், அதைத் தானே மைக்கில் ஊரறியச் சொல்லவேண்டும் என்றார் தங்கராசா. பெயர் கிடைக்காவிட்டாலும் அவரிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது: சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் சஜீவன். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம், கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. அவனுடைய தகப்பனின் வயலுக்கு இந்தப் போகம் பங்கில்லை என்று ஒரு தீர்மானம், காரியம் முடிந்தது. அந்த வயல் போனால் அந்த வீட்டில் எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் வயலில் கூலிக்குத்தான் நிற்கவேண்டும்.

ஊரில் வேறு யாரும் எருமையைப் பற்றி முறைப்பாடு சொன்னார்களா என்று விமலேஸ்வரி கேட்டாள். எல்லாரும் சிரிக்கிறாங்கள், ஒருத்தனும் முறைப்பாடு சொல்லுறான் இல்லை என்று தங்கராசா நொந்துகொண்டார். வீட்டிலும் அதே கதையாம். கேட்கிற ஏச்சு தாங்காமல் பெண்சாதி நேசமலரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாராம், அவரோ குசினியில் வேலை, வாறன் வாறன் என்பாராம், வரவே மாட்டாராம். ஊர் அலுவலில் நேசமலருக்கு அக்கறை இல்லை என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனபின் விமலேஸ்வரி எருமையின் பழைய நேரலைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. ஜெயந்தன் தன்னுடையதைத் தின்றுவிட்டு அவளுடையதையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா நேரலையிலும் ஓர் இடம் ஒரே மாதிரி வந்தது. எருமை பேச்சை நிறுத்தும், கண்ணை மூடும், பிறகு முகம் முழுவதும் வெட்டி வெட்டி ஆடிவிட்டு மறுபடி சரியாகும்.

லைன் சிக்குகிறது, கண்டாவளைப் பக்கம் சிக்னல் கோயில் திருவிழாவுக்குத்தான் முழுதாக வரும் என்றான் ஜெயந்தன். விமலேஸ்வரி கண்ணை மூடினாள், தலையைக் குனிந்தாள், இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"விளங்குதோ? கமராவுக்கு முன்னால கையால முகத்தை மறைச்சா எருமைக்கு முகம் துலைஞ்சுபோகும். அது கோயில் மணி கேட்டுக் கும்பிடுற ஆள், ஜெயந்தன்."

"அக்கா, மணிச்சத்தம் ஒரு இடத்திலயும் கேட்கேல்லையே."

"அதைத்தான் சஜீவனிட்டக் கேட்கப்போறம்."

சனசமூக நிலையம் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வளவில் இருந்தது. ஜெயந்தனுக்கு அதைக் கண்டதுமே மனம் விழுந்துவிட்டது. மணி காதைப் பிளக்கும் தூரம். தங்கராசா சொன்னதுதான் சரியாகப்போகிறது, நாமும் அந்தப் பொடியனின் குடும்பத்தைத் தெருவில் விடத்தான் பெற்றோல் அடித்து வந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டான். சஜீவன் மெலிந்த பொடியன், கண்ணாடி போட்டவன். வகுப்பு முடிந்து கணினிகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தான். விமலேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. இந்த எருமையைக் கணினியில் கட்டியவன் நீதானே என்று கேட்டாள். அவனும் மறைக்கவில்லை.

கேட்டிருக்கக்கூடாத கேள்வி அது. கட்டிய கதையைச் சொல்லத் தொடங்கியதும் சஜீவன் தன் தலைக்குமேல் தொங்கும் ஆபத்தையே மறந்துபோனான். வெளிநாட்டுப் பிள்ளைகள் பாவிக்கும் பேர்போன மென்பொருள் விண்டோசில்தான் ஓடும். இவனிடம் இருந்ததோ ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் விட்டுப்போன பழைய மடிக்கணினி, அதில் லினக்ஸ். முதலில் அந்த மென்பொருளை லினக்சில் ஒரு மாதிரி ஏமாற்றி ஓட்டிப் பார்த்தானாம், கணினி சூடேறி மயங்கிவிட்டதாம். பிறகு இலவசமாகக் கிடைக்கிற திறந்த மென்பொருட்களை ஒன்றோடொன்று கோத்திருக்கிறான். எருமையை ஒரே படமாக வரைந்தால் ஆடாது. காது வேறு, இமை வேறு, மூக்குத்தி வேறு என்று தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். கணினியின் கமரா பழுது, அதனால் ஒரு பழைய போன் ஆளின் முகத்தைப் பார்த்துக் கணினிக்குச் சொல்லும். ஆள் தலை திருப்பினால் எருமை தலை திருப்பும். குரலைத் தடிப்பாக்க ஒரு நிரல், இரைச்சலை வடித்தெடுக்க இன்னொன்று.

"கலியாணப் பந்தல் மாதிரி எல்லாத்தையும் அயலட்டையில இரவல் வாங்கியே கட்டியிருக்கிறாய்" என்றான் ஜெயந்தன்.

விமலேஸ்வரி இரைச்சல் வடிக்கும் நிரலைப் பிடித்துக்கொண்டாள். கோயில் மணியையும் அது வடித்துவிடுமா என்று கேட்டாள். சஜீவனின் முகத்தில் இருந்த உற்சாகம் அப்போதுதான் இறங்கியது. பேசும் குரலைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல்தான் என்று மெல்லச் சொன்னான்.

"பிள்ளையாருக்குத் தெரிஞ்சால் கணினியில ஒரு பெருச்சாளியை ஏவிவிடுவார்" என்று ஜெயந்தன் சொல்லி வாய் மூடவில்லை, அவனுடைய போன் கிணுங்கியது. எருமையக்கா நேரலைக்கு வந்துவிட்டாள்.

சஜீவன் எதிரே நிற்கிறான், இரண்டு கையும் துணியில். எருமை போனுக்குள் காதை ஆட்டி ஊருக்கு வணக்கம் சொல்கிறது. ஜெயந்தனுக்குத் தலையிலிருந்த மூட்டை ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கோயிலில் பூசை மணி அடித்தது. மூன்று பேருடைய கைகளும் தாமாகவே கன்னத்துக்குப் போயின. போனில் எருமை கும்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தது, அக்காவின் கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஜெயந்தன் நினைத்தான். மணி ஓய்ந்து, ஜெயந்தன் கையை இறக்கி, மூச்சும் விட்டபிறகுதான் எருமை கண்ணை மூடியது, முகம் வெட்டி ஆடியது.

நேரலை சனத்திடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுதான் பிந்துகிறது என்று சஜீவன் தரையைப் பார்த்தபடி விளக்கினான். ஆகவே ஆள் இந்த மணி கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறார் என்றாள் விமலேஸ்வரி. யார் என்று கேட்டதற்கு, சொல்லமாட்டேன் என்று அவன் தலையை ஆட்டினான்.

அப்போது எருமை தலைவர் ஐயாவைப் பேச்சில் இழுத்தது. தலைவருடைய வயலில் தவளைகூட நீச்சல் பழகுதாம், வாய்க்கால் கடைசியில நாரைக்குக் குடிக்கத் தண்ணி இல்லையாம். ஜெயந்தன் வாய்விட்டுச் சிரித்தான். விமலேஸ்வரி சிரிக்கவில்லை, போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். சிறிது நேரத்தில் எருமை பேச்சை நிறுத்தி ஒரு பக்கம் தலை திருப்பியது. சத்தம் எதுவும் வரவில்லை, ஆனால் வாய் அசைந்தது.

"சஜீவன், இந்த எருமைக்கு எத்தினை வாய் வரைஞ்சனி?"

"மூண்டு அக்கா. அதுக்குமேல அந்தக் கணினி தாங்காது. மூடின வாய், வட்ட வாய், அகண்ட வாய்."

"இப்ப என்ன வந்தது? வட்டம், பேந்து மூடினது, பேந்து அகண்டது. சத்தம் ஏன் வரேல்ல?"

இடையில் யாரும் குறுக்கிட்டால் மைக்கை நிறுத்த ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறான். மைக் நின்றாலும் முகம் நிற்காது. அதைச் சொல்லிக்கொடுக்க மறந்துபோனேன் என்று சஜீவன் முனகினான். விமலேஸ்வரி பழைய நேரலைகளை மறுபடி தட்டிப் பார்த்தாள். தலைவரைப் பற்றி நக்கல் வந்த இடமெல்லாம், கொஞ்சம் பிந்தி, அதே பக்கம் தலை திரும்பியது. அதே வட்டம், அதே மூடல், அதே அகலம். ஊரில் வேறு யாரை நக்கலடித்தாலும் அது வரவில்லை.

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். தங்கராசா வீட்டுக்குப் போவோம் என்றாள். வழக்குக் கொடுத்தவரிடம் வெறுங்கையோடு போய் என்ன சொல்வது என்று ஜெயந்தன் கேட்டான். தேத்தண்ணி குடிப்போம் என்றாள். அதைக் கேட்டதும் சஜீவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அங்க போகவேண்டாம். என்ர பேரையே குடுத்துவிடுங்கோ. செய்தது நான்தானே."

"அப்பாவைக் கேட்டனியோ? அது அவற்ற வயல்."

சஜீவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், போட்டான், மறுபடி கழற்றித் துடைத்தான். ஜெயந்தனுக்கு நக்கலடிக்க ஒன்றும் அகப்படவில்லை, அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தான்.

தங்கராசாவின் வீடு கோயிலுக்குப் பின்பக்கம். கல்வீடு, முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குக் குசினி, அதையும் தாண்டி நெல் மூட்டை அடுக்கும் அறை. தலைவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, எருமைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைக் கண்டதும் கண்டுபிடிச்சாச்சோ என்று கேட்டார். கிட்ட வந்திட்டம் என்று விமலேஸ்வரி உட்கார்ந்தாள். தட்டில் இருந்த பிஸ்கற்றை ஜெயந்தன் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

எருமையின் பேச்சு நாளைய கூட்டத்துக்கு வந்துவிட்டது. தலைவர் ஐயா நாளைக்கு மைக் பிடிக்கப்போறாராம், இரவிரவாத் துருசு பிடிச்ச கை, மைக்கைக் கவனமாத் திறக்கட்டாம். தங்கராசா தொடையில் அடித்துக்கொண்டார்.

"நேசம், இஞ்ச வந்து கேளப்பா இந்தக் கதையை."

"ஓம், வாறன்" என்று வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒருவரும் வரவில்லை. போனில் எருமை துருசைப் பற்றி இன்னும் இரண்டு வசனம் சொன்னது. பிறகு நிறுத்தியது. தலையைத் திருப்பியது. வட்டம், மூடல், அகலம். ஜெயந்தனின் கையிலிருந்த பிஸ்கற்று வாய்க்கு வழி தெரியாமல் நின்றது. அவன் விமலேஸ்வரியைப் பார்த்தான். அவள் தங்கராசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, மனுசன் இன்னமும் எருமையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அக்காவை இன்னொருக்காக் கூப்பிடுங்கோ. கூப்பிட்டிட்டு எருமையின்ர வாயைப் பாருங்கோ" என்றாள் விமலேஸ்வரி.

அவர் கூப்பிட்டார். பின்பக்கத்திலிருந்து அதே 'ஓம், வாறன்' வந்தது. அவர் போனைப் பார்த்தார். எருமை கொஞ்சம் பேசியது, நின்றது, திரும்பியது, வட்ட வாயில் 'ஓ', மூடின வாயில் 'ம்', அகண்ட வாயில் 'வா' என்று சத்தமில்லாமல் அவருக்குப் பதில் சொன்னது.

அடுத்த ஊருக்குக் கேட்கக் கூப்பிடும் அந்த மனுசன் போனைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார். சுற்றிவர நெல் மூட்டை அடுக்கிய அறை, கத்தினாலொழிய வெளியே ஒரு சொல்லும் கசியாது, கொழும்பிலும் இப்படி ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கிடைக்காது என்று ஜெயந்தன் மெல்லச் சொன்னான். விமலேஸ்வரி கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

"நாளைக்கு மைக்கில ஊரறியப் பேர் சொல்லவேணும் எண்டனீங்கள் அண்ணை. பேர் இருக்கு. சொல்லுவமோ?"

தங்கராசா பின்பக்கக் கதவைப் பார்த்தார், தெருவாசல் படலையைப் பார்த்தார். இத்தனை காலத் தலைவர் அல்லவா, சுதாரித்துக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, செய்து குடுத்தவன் சஜீவன்தானே, அவனுடைய பெயரைச் சொன்னால் காணும், வேறொன்றும் வெளியே போகத் தேவையில்லை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதைக் கண்டு ஜெயந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட வீட்டுப் பேர் வெளிய வரக்கூடாதெண்டு அவன் தன்ர தகப்பன்ர வயலை விடுறன் எண்டு நிக்கிறான், ஐயா. வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டவன். நீங்கள் அவனையே வெட்டுங்கோ, நல்லாயிருக்கும்."

விமலேஸ்வரி அவனைத் தடுக்கவில்லை. அவன் நக்கலில்லாமல் பேசி அவள் கண்டது அதுதான் முதல் தடவை. போனில் எருமை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது, கமராவுக்கு முன்னால் ஆள் இல்லை. பின்பக்கக் கதவடியில் நேசமலர் நின்றார். சேலையில் உமி ஒட்டியிருந்தது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தங்கராசா எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார். கோபிக்கத்தான் வாயைத் திறந்தார், வந்தது வேறு.

"எனக்கு நேர சொல்லியிருக்கலாமே, நேசம்."

"சொன்னனான். கடைசி வாய்க்கால் பொம்பிளையள் குசினியில வந்திருந்து அழுதிட்டுப் போன ஒவ்வொரு நாளும் சொன்னனான். சோறு போடேக்க சொன்னனான், படுக்கேக்க சொன்னனான். நீங்கள் 'ம்' எண்டனீங்கள். நான் சொல்லேக்க கேளாத மனுசன், எருமை சொல்லேக்க ஒரு சொல் விடாமக் கேட்டனீங்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னனீங்கள்."

அவர் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சஜீவனின் வயலில் கை வைத்தால் நாளைக்கு மைக்குக்கு முன்னால் தானே வந்து நிற்பேன், எருமை முகம் இல்லாமல் நிற்பேன் என்று மட்டும் சொன்னார்.

தங்கராசா செம்பில் சாய்ந்திருந்த போனை எடுத்து, கண்மூடிக் கிடந்த எருமையை ஒதுக்கிவிட்டு, அமைப்பின் செயலாளரைக் கூப்பிட்டார். சஜீவனின் தகப்பனுடைய வயல் பங்கில் இருக்கட்டும் என்றார். கடைசி வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவோம், நாளைக்கு அதை முதலாவதாக எடுங்கோ என்றார். மறுமுனையில் செயலாளர் ஏதோ கேட்டார். அப்ப எருமை ஆர், பிடிபட்டிட்டுதோ என்று கேட்டிருக்கவேண்டும். தங்கராசா நிமிர்ந்து பெண்சாதியைப் பார்த்தார்.

"ஆராயிருந்தாலென்ன. அது சொன்னதில பிழையில்லை."

நேசமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை உண்மையாகவே தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.